கொங்கு மண்டலத்தில் ஆம்புலன்ஸ் மருத்துவப் பணி: பயிற்சி நிலைகளும் செயல்வரம்பும் பற்றிய முழுமையான வழிகாட்டி

சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் சங்ககிரிக்கும் வாளையாற்றுக்கும் இடையே எங்கே விபத்து நடந்தாலும், முதலில் வந்து நிற்கும் வண்டியிலிருந்து இறங்குபவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். 108 வண்டியாக இருந்தால் ஒரு மருத்துவ உதவியாளரும், பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநரும் இறங்குவார்கள்; தனியார் வண்டியாக இருந்தால் ஓட்டுநர் மட்டுமே இறங்குவதும் உண்டு. அவர்கள் எவ்வளவு பயின்றவர்கள், எதைச் செய்யலாம், செய்யத் தெரிந்திருந்தாலும் எதைச் செய்யக்கூடாது என்பது வண்டியை அழைத்தவருக்குத் தெரிவதில்லை. இந்தப் பணிக்குப் படிக்க விரும்பி விண்ணப்பம் நிரப்பும் பிளஸ் டூ மாணவருக்கும் பல நேரங்களில் தெரிவதில்லை.

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர், நீலகிரி மாவட்டங்களிலிருந்து இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. நோயாளியை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டிய நிலையில் இருக்கும் குடும்பத்தினருக்கு ஆறாம் படி உதவும். அவர்கள் நேரே அங்கே செல்லலாம்.

முதல் படி: வண்டி, ஆள், அனுமதி ஆகிய மூன்றையும் பிரித்துப் பாருங்கள்

இந்தத் துறையில் நிகழும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணுவதால் வருகிறது. வண்டிக்கு ஒரு தரம் உண்டு. அதில் பணிபுரியும் ஆளுக்கு ஒரு பயிற்சி நிலை உண்டு. அந்த ஆள், அந்த வண்டியில், அந்த நேரத்தில் எதைச் செய்யலாம் என்று வகுக்கும் அனுமதி தனியாக உண்டு. இந்த அனுமதியின் எல்லையைத்தான் செயல்வரம்பு என்கிறோம்.

வண்டியின் தரத்தை ஏ.ஐ.எஸ். 125 என்னும் இந்திய வாகனத் தரநிலை வகுக்கிறது. இதன்படி ஏ வகை, முதலுதவியாளர் விரைந்து செல்வதற்கான வண்டி. நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுசெல்லும் வசதி அதில் இராது. பி வகை, உடனடி ஆபத்தில்லாத நோயாளியை ஏற்றிச் செல்வதற்கானது. சி வகை அடிப்படை உயிர்காப்பு வண்டி. டி வகை மேம்பட்ட உயிர்காப்பு வண்டி. வென்டிலேட்டர், இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர், மானிட்டர் ஆகியவற்றோடு ஐ.சி.யூ. ஆம்புலன்ஸ் என்று பக்கவாட்டில் எழுதிக்கொண்டு ஓடுபவை இந்த டி வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஆனால் வென்டிலேட்டர் இருப்பதால் மட்டும் அதை இயக்கத் தெரிந்தவர் பின்னால் அமர்ந்திருக்கிறார் என்று பொருளாகாது. பலகையைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: நிலைகள் எப்படி வகுக்கப்பட்டன என்பதை அறியுங்கள்

பாடநூல்களில் நீங்கள் காணப்போகும் பயிற்சி நிலைகள் பெரும்பாலும் அமெரிக்காவில் உருவானவை. அங்கே 1960-களின் நடுவில் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழ பாதியைச் சவ அடக்கம் செய்யும் நிறுவனங்களே நடத்தின. படுத்த நிலையில் ஒருவரை ஏற்றிச் செல்ல ஏற்ற வண்டி அவர்களிடம் இருந்தது என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் இல்லை. 1966-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை இந்த நிலைமையை வெளிச்சமிட்டது. அடுத்த ஆண்டே பிட்ஸ்பர்க் நகரில் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு, வேலையற்றிருந்த கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, மருத்துவர் பீட்டர் சாஃபரின் வழிகாட்டலில் விரிவான பயிற்சி கொடுத்து ஆம்புலன்ஸில் அனுப்பத் தொடங்கியது. மருத்துவர் அல்லாதவர், முறையான பயிற்சியோடும் மருத்துவரின் மேற்பார்வையோடும் தெருவிலேயே சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதை நடைமுறையில் காட்டியவர்களில் அவர்கள் முன்னோடிகள். ஏறத்தாழ அதே காலத்தில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர் டிஃபிப்ரிலேட்டரை வண்டியில் ஏற்றி நோயாளியின் வீட்டுக்கே கொண்டுசென்றார்.

இன்று அமெரிக்கத் தேசியச் செயல்வரம்பு மாதிரி நான்கு நிலைகளைக் கொண்டது. முதல் நிலையில் இருப்பவர் அவசரகால முதல்நிலைப் பணியாளர்: நெஞ்சழுத்தம் கொடுப்பார், தானியங்கி டிஃபிப்ரிலேட்டரைப் பயன்படுத்துவார், இரத்தப்போக்கை நிறுத்துவார், கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் ஆம்பு பேக் கொண்டு சுவாசம் தருவார். இரண்டாம் நிலை, அவசரகால மருத்துவத் தொழில்நுட்பவியலாளர் எனப்படும் ஈ.எம்.டி.: ஆக்சிஜன், வாய்வழிக் குளுக்கோஸ், மாரடைப்பு ஐயம் உள்ளவருக்கு ஆஸ்பிரின், எலும்பு முறிந்த உறுப்பு அசையாதபடி சிம்பு வைத்துக் கட்டுதல், இயல்பான பிரசவம், சர்க்கரை அளவைப் பார்த்தல், இ.சி.ஜி. எடுத்து மருத்துவமனைக்கு அனுப்புதல் ஆகியவை இவருடைய எல்லைக்குள் வரும். மூன்றாம் நிலையான மேம்பட்ட ஈ.எம்.டி. நரம்பு வழியாக ட்ரிப் ஏற்றலாம், எலும்பு மஜ்ஜை வழியாகவும் திரவம் செலுத்தலாம், குரல்வளைக்கு மேல் பொருந்தும் சுவாசக் கருவியை வைக்கலாம், வரையறுக்கப்பட்ட சில மருந்துகளைக் கொடுக்கலாம். நான்காம் நிலையான பாராமெடிக், மூச்சுக்குழாயில் டியூப் போடுதல், நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைபட்டு இறுகிய மார்பில் ஊசி குத்திக் காற்றை வெளியேற்றுதல், இ.சி.ஜி.யைப் படித்து அதற்கேற்ப மின் அதிர்ச்சியோ மருந்தோ கொடுத்தல் வரை செல்லலாம். இரண்டாம் நிலைக்குச் சுமார் 150 முதல் 190 மணி நேரப் பயிற்சி போதும். நான்காம் நிலைக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் வேண்டும்.

இந்த நான்கு நிலைகளும் நம் ஊருக்கு அப்படியே பொருந்தா. இணையத்தில் ஓர் அமெரிக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு, ஈ.எம்.டி. என்றால் இன்னின்ன செய்யலாம் என்று முடிவுகட்டும் மாணவர்களுக்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கேயே மாநிலத்துக்கு மாநிலம் எல்லை மாறும்.

மூன்றாம் படி: நான்கு வாயில்களை மனத்தில் இருத்துங்கள்

நிலைகளின் பெயர் நாட்டுக்கு நாடு மாறினாலும், ஒரு செயல் செயல்வரம்புக்குள் வருகிறதா என்று அறியும் முறை மாறுவதில்லை. அந்தச் செயலைச் செய்ய நீங்கள் கற்பிக்கப்பட்டிருக்க வேண்டும். கற்றதைத் தேர்வில் மெய்ப்பித்துச் சான்று பெற்றிருக்க வேண்டும். அரசோ, தொழில் பதிவுக்கெனச் சட்டப்படி அமைந்த பேரவையோ (கவுன்சில்) அதற்கு இசைவு தந்திருக்க வேண்டும். கடைசியாக, நீங்கள் பணிபுரியும் சேவையின் பொறுப்பு மருத்துவர் உங்களை அந்தச் செயலுக்குத் தகுதியானவராக ஏற்றிருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று அடைபட்டிருந்தாலும் அந்தச் செயல் உங்களுடையது அன்று.

இதன் விளைவு பலருக்கு முதலில் கசப்பாக இருக்கும். கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் பத்தாண்டு பணியாற்றி, டியூப் போடுவதில் உதவிப் பழகிய செவிலியர் ஒருவர் ஆம்புலன்ஸ் பணிக்கு வந்தால், அந்தச் சேவையின் விதிமுறை இடம் தராதவரை அவர் அதைச் செய்யலாகாது. கை அறிந்திருக்கிறது என்பது அனுமதி ஆகாது. எதிர்த்திசையிலும் இதே விதி செல்லும்: விதிமுறை அனுமதித்திருந்தும், நீண்ட நாள் செய்யாமல் கை மறந்துபோன ஒரு செயலை நெருக்கடியில் முயன்று பார்க்கக்கூடாது.

நான்காம் படி: நம் பகுதியில் உள்ள வழிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்

முதல் வழி நேரே 108 சேவையில் சேர்வது. தமிழகத்தில் இந்தச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அரசின் நிதியோடு ஈ.எம்.ஆர்.ஐ. நிறுவனம் நடத்துகிறது. மாவட்ட வாரியாக நடக்கும் வேலைவாய்ப்பு முகாம்களின் அறிவிப்புகளில், மருத்துவ உதவியாளர் பணிக்கு நர்சிங் பட்டம், ஜி.என்.எம்., ஏ.என்.எம்., ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயமான டி.எம்.எல்.டி., அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற உயிர் அறிவியல் பட்டம் வழக்கமாகக் கேட்கப்படுகிறது. எழுத்துத் தேர்வு, உடற்கூறியலும் முதலுதவியும் சார்ந்த நேர்முகம், மனிதவளத் துறை நேர்முகம் ஆகியவற்றைக் கடந்தவர்களுக்குச் சுமார் 50 நாட்கள் வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் வண்டியிலும் பயிற்சி உண்டு. பைலட் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஓட்டுநர் உரிமம், பேட்ஜ் ஆகியவை தேவை. அவருக்கும் குறுகிய காலப் பயிற்சி தரப்படுகிறது. முகாமுக்குச் செல்லும்முன் அந்த ஆண்டின் அறிவிப்பில் வயது வரம்பைப் பாருங்கள், அது மாறக்கூடியது.

இந்த வழியின் சிறப்பு, பயிற்சி முடிந்தவுடன் வேலை தொடங்கிவிடும் என்பது. விலங்கியல் படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவர் இரண்டு மாதங்களில் உயிர்காக்கும் பணிக்கு வந்துவிட முடியும். குறை என்னவென்றால், இந்த 50 நாட்கள் அந்தச் சேவைக்குள் வேலை செய்வதற்கான பயிற்சியே தவிர, வேறு நாட்டிலோ வேறு நிறுவனத்திலோ காட்டும் பட்டம் அன்று. பன்னிரண்டு மணி நேரப் பணிமுறையும் இரவுப் பணியும் உண்டு என்பதை வீட்டில் சொல்லிவிட்டுச் சேர்வது நல்லது.

இரண்டாம் வழி, அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடத்தப்படும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகளில் ஒன்றான அவசர சிகிச்சை டெக்னீஷியன் படிப்பு. டயாலிசிஸ், அறுவை அரங்கம், மயக்கவியல், இ.சி.ஜி. டெக்னீஷியன் என்று ஒரு நீண்ட பட்டியலில் இதுவும் ஒன்றாக வரும். அவை எல்லாவற்றையும் பாராமெடிக்கல் என்ற ஒரே தலைப்பில் விளம்பரப்படுத்துவதால், ஆம்புலன்ஸ் பணிக்கென்று நினைத்து வேறொன்றில் சேர்ந்தவர்கள் உண்டு. விண்ணப்பத்தில் படிப்பின் முழுப் பெயரைப் படியுங்கள்.

மூன்றாவது, என் கணிப்பில் நீண்ட காலத்துக்கு ஏற்றது, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்ப இளம் அறிவியல் பட்டம். மூன்று ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் கொண்டது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நீட் தேர்வு தேவையில்லை. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடத்துகிறது. கோவை, பெருந்துறை, சேலம், கரூர் ஆகிய ஊர்களில் ஏற்கெனவே அரசு மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. 2022 ஜனவரியில் திருப்பூர், நாமக்கல், உதகை ஆகியவையும் சேர்ந்துகொண்டதால் கொங்குப் பகுதியில் மருத்துவமனைப் பயிற்சிக்கான களம் விரிந்துள்ளது. எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு உண்டு என்பதை அந்த ஆண்டின் தேர்வுக் குழுத் தகவல் கையேட்டில் பாருங்கள். இடைத்தரகர் சொல்வதை நம்ப வேண்டாம்.

எந்த வழியில் சென்றாலும் சட்டப் பின்னணியை அறிந்திருக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டின் தேசிய துணைமருத்துவ மற்றும் உடல்நலத் தொழில்கள் ஆணையச் சட்டம், அவசரகால மருத்துவத் தொழில்நுட்பவியலாளரையும் மேம்பட்ட பாராமெடிக்கையும் தன் அட்டவணையில் பெயர் குறிப்பிட்டுச் சேர்த்துள்ளது. துணைமருத்துவப் பணியாளர் என்று கருதப்படக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பும், உடல்நலத் தொழில்முறையாளர் என்று கருதப்படக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பும் வேண்டும் என்கிறது. ஐம்பது நாள் பயிற்சி இந்த அளவுகோலில் எங்கே நிற்கும் என்று நீங்களே கணக்கிடலாம். 108-இல் வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்புக்கான வழியையும் தேடுங்கள் என்று நான் இளைஞர்களிடம் சொல்வது இதனால்தான்.

ஐந்தாம் படி: செயல்வரம்பை நம் ஊர் நிகழ்வுகளில் வைத்துப் பழகுங்கள்

கீழே வருவது 108 போன்ற ஒரு சேவையில் அடிப்படைப் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரின் பார்வையில் எழுதப்பட்டது. உங்கள் சேவையின் விதிமுறை இதிலிருந்து மாறுபட்டால் விதிமுறையே செல்லும்.

பாம்புக்கடியிலிருந்து தொடங்கலாம். மஞ்சள் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் இரவில் தண்ணீர் கட்டப் போகிறவர்களை விரியன் கடிப்பதும், தரையில் படுத்துறங்குபவரைக் கட்டுவிரியன் கடிப்பதும் இங்கே வழக்கமானவை. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாதபடி சிம்பு வைத்து, மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட்டுக் கொண்டுசெல்வது உதவியாளரின் வேலை. கயிறு கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் யாருடைய செயல்வரம்பிலும் இல்லை. விஷமுறிவு மருந்து வண்டியில் தொடங்கப்படுவதில்லை. ஒவ்வாமை ஏற்பட்டால் சமாளிக்கும் வசதியோடு மருத்துவமனையில் கொடுக்க வேண்டியது அது. ஆனால் கட்டுவிரியன், நல்ல பாம்பு கடித்தவருக்குக் கண்ணிமை தொங்கத் தொடங்கி, பேச்சுக் குழறி, மூச்சுத் தசைகள் செயலிழந்தால், ஆம்பு பேக்கைக் கையில் பிடித்து வழிநெடுக அவருக்காக மூச்சு விடுவது முழுக்க முழுக்க அடிப்படை நிலைப் பணியாளரின் எல்லைக்குள் வருகிறது. பார்ப்பதற்கு எளிய அந்தச் செயல்தான் அங்கே உயிரைக் காக்கிறது. எங்கே கொண்டுசேர்ப்பது என்ற முடிவும் செயல்வரம்பின் பகுதியே: அருகில் உள்ள மருத்துவமனை என்பதைவிட, விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கும் மருத்துவமனை எது என்று கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

விஷம் உட்கொண்டவர்களைப் பொறுத்தவரை, பூச்சிமருந்தோடு சாணிப்பவுடரையும் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதி உதவியாளர் அறிந்திருக்க வேண்டும். வாசல் தெளிக்கப் பயன்பட்ட அந்தச் சாயப்பொடியால் ஏற்படும் பாதிப்பு வேறு பகுதிகளில் அரிது, ஆகவே வெளியூர்ப் பாடநூல்களில் அதற்கு இடமில்லை. எந்த விஷமானாலும் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. உடைகளைக் கழற்றித் தோலைக் கழுவுதல், இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தல், சக்ஷன் என்னும் உறிஞ்சுகருவி கொண்டு வாயைத் துப்புரவு செய்தல், ஆக்சிஜன், வலிப்பு வந்தால் அடிபடாமல் காத்தல் ஆகியவை உதவியாளருடையவை. அட்ரோபின் போன்ற மருந்து மருத்துவரின் நேரடி அறிவுறுத்தல் இருந்தால் மட்டும். பொட்டலத்தையோ பாட்டிலையோ கையோடு எடுத்துச் செல்ல மறக்காதீர்கள்.

விசைத்தறியிலும் மற்ற எந்திரங்களிலும் விரல் துண்டாகும் நிகழ்வுகள் சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் உண்டு. இரத்தப்போக்கை நேரடி அழுத்தத்தாலும், நிற்காவிட்டால் டூர்னிகே என்னும் இறுக்குப் பட்டையைக் கட்டியும் நிறுத்தி, கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும். துண்டான விரலைச் சலைனில் நனைத்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைக்க வேண்டும். தறிக்குடோனில் இருப்பவர்கள் விரலை நேரே ஐஸில் போட்டுக் கொடுத்தால் உடனே எடுத்துவிடுங்கள். உறைந்த திசுவை ஒட்டவைக்க முடியாது. விரல் ஒட்டுமா ஒட்டாதா என்று குடும்பத்தாரிடம் கருத்துச் சொல்வது உங்கள் எல்லைக்கு அப்பாற்பட்டது. எலும்பு வெளித்தெரியும் கால் முறிவுகளுக்கும் இது பொருந்தும். அத்தகைய காயத்தில் காலைக் காப்பாற்ற முடியுமா என்று மதிப்பிட ஒரு மதிப்பெண் முறை கோவை கங்கா மருத்துவமனையில் உருவாகி வெளிநாட்டு அறுவை மருத்துவர்களாலும் பயன்படுத்தப்படுகிறது; அது அறுவை மருத்துவரின் கருவி. ஆம்புலன்ஸில் இருப்பவர் காயத்தை மூடிக் கட்டி, சிம்பு வைத்து, பாத நாடியைத் தொட்டுப் பார்த்து எழுதினால் போதும்.

நெஞ்சுவலியில் குழப்பம் அதிகம். இ.சி.ஜி. எடுப்பதும் அனுப்புவதும் ஒரு வேலை. அதைப் படித்துச் சிகிச்சையை முடிவு செய்வது இன்னொரு வேலை. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டெமி இந்தியா அமைப்பு தமிழக அரசோடு சேர்ந்து நடத்திய மாரடைப்புத் திட்டம், சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு 108 வண்டிகளின் வழியாக இணைத்தது. இந்த ஏற்பாட்டில் உதவியாளரின் பங்கு அறிகுறியை விரைந்து அடையாளம் காண்பது, ஆஸ்பிரினை மருத்துவரின் சொற்படி கொடுப்பது, முன்கூட்டியே தகவல் சொல்வது. இதயம் நின்றுவிட்டால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு நெஞ்சழுத்தம், இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மலைப் பிரசவங்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை. வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70, திம்பத்தில் 27. தாளவாடியிலிருந்தோ கடம்பூர் மலையிலிருந்தோ கீழிறங்கும் வழியில் குழந்தையின் தலை தெரிந்துவிட்டால், வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் நிறுத்தச் சொல்லிப் பிரசவம் பார்ப்பதே சரி. ஓடும் வண்டியில் வளைவுக்கு வளைவு சாய்ந்தபடி முயல்வது இருவருக்கும் ஆபத்து. குழந்தையைத் துடைத்து, தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்தி, தொப்புள்கொடியைக் கவ்வி வெட்டலாம். நஞ்சுக்கொடியை இழுக்கக்கூடாது. காலோ கையோ முதலில் வந்தாலும், அதிக இரத்தப்போக்கு இருந்தாலும் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். கத்தரி வைத்து வழியை அகலப்படுத்துவது உங்கள் வரம்பில் இல்லை.

இறப்பை உறுதிசெய்து அறிவிப்பதும் வரம்பில் இல்லை. அது பதிவுபெற்ற மருத்துவரின் வேலை.

மேலே சொன்ன எல்லா இடத்திலும் உறவினரின் நெருக்குதல் ஒரு பெரும் சுமை. “ஏனுங்க, ஒரு ஊசியப் போட்டுக் கூட்டிட்டுப் போலாமுங்களே” என்று பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது மறுப்பது எளிதன்று. அந்த நேரத்தில் சட்டம் பேசிப் பயனில்லை. “டாக்டர்கிட்டப் பேசிட்டுத்தானுங்க போடோணும், இப்பவே பேசறனுங்க” என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே அவர் கண்முன் அழைப்பை எடுப்பது பெரும்பாலும் போதும்.

இந்த அழைப்பு எங்கே செல்கிறது? 108 சேவையின் கட்டுப்பாட்டு மையத்தில் மருத்துவர்கள் பணியில் இருக்கிறார்கள். நிலையான விதிமுறையில் இல்லாத மருந்துக்கும் செயலுக்கும் அவர்களுடைய சொல்லே அனுமதி. பேசும்போது வயது, பாலினம், முதன்மைத் தொல்லை, நினைவுநிலை, நாடி, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, இதுவரை செய்தவை என்ற வரிசையில் சொல்லிவிட்டு, மருத்துவர் கூறிய மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தி, நேரத்தோடு நோயாளர் பதிவேட்டில் எழுதுங்கள். மலையில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு; அங்கே விதிமுறையில் எழுதியிருப்பது மட்டுமே உங்கள் வரம்பு. சிக்னல் இல்லாததால் வரம்பு விரிவதில்லை.

விபத்து நிகழ்வுகளில் அரசு மருத்துவமனைக்கு முன்தகவல் தருவது, சிவப்பு, மஞ்சள், பச்சை எனத் தரம் பிரித்துச் சேர்க்கும் தமிழகத்தின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் முக்கியமான கண்ணி. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி உண்டு என்பதையும், அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகள் உங்கள் சாலையில் எவை என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். அடிபட்டவரைத் தூக்கிவிட்ட வழிப்போக்கர் போலீசுக்கு அஞ்சி விலகிப் போனால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது என்று சொல்லலாம்.

ஆறாம் படி: தனியார் வண்டியை அமர்த்தும்முன் கேட்க வேண்டியவை

கோபியிலோ தாராபுரத்திலோ உள்ள மருத்துவமனை, நோயாளியைக் கோவைக்கு ரெஃபர் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகையைப் பேசும்முன் பின்னால் யார் உட்காரப்போகிறார்கள் என்று கேளுங்கள். அவருடைய படிப்பு என்ன, வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை முன்பு கொண்டுசென்றிருக்கிறாரா, வழியில் நிலை மோசமானால் அவர் எந்த மருத்துவரிடம் பேசுவார் என்று கேளுங்கள். டியூப் போட்டு, மருந்துப் பம்பு ஓடிக்கொண்டிருக்கும் நோயாளியோடு அடிப்படைப் பயிற்சி பெற்றவர் மட்டும் செல்வது சரியன்று. மருத்துவரோ தீவிர சிகிச்சையில் பழகிய செவிலியரோ உடன் வர வேண்டும் என்று அனுப்பும் மருத்துவமனையிடம் வலியுறுத்த உங்களுக்கு உரிமை உண்டு. ரெஃபர் கடிதத்தில் மருந்து விவரம் இருக்கிறதா, சேர்க்கப்போகும் மருத்துவமனை படுக்கையை உறுதிசெய்துவிட்டதா என்பவற்றையும் பாருங்கள்.

ஆக்சிஜன் கணக்கை நீங்களே போடலாம். நிரம்பிய பி வகை சிலிண்டரில் (இது சிலிண்டரின் அளவு, வண்டியின் வகை அன்று) ஏறத்தாழ 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் செலவானால் 100 நிமிடங்களில் தீர்ந்துவிடும். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குச் சுமார் 65 கி.மீ.தான், ஆனால் அந்த வளைவுகளில் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். ஒரு சிலிண்டர் போதாது. கணக்கிட்ட தேவையைப்போல் இரு மடங்கு வண்டியில் இருக்கிறதா என்று மீட்டரைப் பார்த்து உறுதிசெய்த பிறகு ஏற்றுங்கள். திம்பம் வழியாக வருபவர்கள் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டையும் கணக்கில் கொண்டு, அவசர ஊர்தி வருவதைச் சோதனைச்சாவடிக்கு முன்பே சொல்லிவைத்தால் நேரம் மிச்சமாகும்.

ஏழாம் படி: சான்றுகளைச் சேர்த்துப் பேணுங்கள்

பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு), ஏ.சி.எல்.எஸ். (மேம்பட்ட இதய உயிர்காப்பு) என்ற அமெரிக்க இதயச் சங்கத்தின் பயிற்சிகளைக் கோவையிலேயே பெறலாம். முதலாவது ஒரு நாள், இரண்டாவது இரண்டு நாட்கள். இரண்டின் அட்டையும் இரண்டு ஆண்டுகள் செல்லும். இவை ஒரு திறனைப் புதுப்பித்ததற்கான சான்றுகள். பயிற்சி நிலையைக் குறிப்பவை அல்ல. ஏ.சி.எல்.எஸ். அட்டை வைத்திருக்கும் அடிப்படை நிலை உதவியாளர் அடிப்படை நிலையிலேயே இருக்கிறார். இந்த அட்டைகளை மட்டும் காட்டி பாராமெடிக் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளும் குறுகிய காலப் பயிற்சி மையங்களில் பணத்தைக் கட்டாதீர்கள்.

வளைகுடா நாடுகளுக்குச் செல்ல எண்ணுபவர்கள், படிப்பையும் பணி அனுபவத்தையும் மூல நிறுவனத்திடமே சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ முறையை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். பெயர், நாள், பதவி ஒரே மாதிரி எழுதப்படாத அனுபவச் சான்று அங்கே சிக்கலைத் தரும். ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பர் முதல் பாராமெடிக்குகள் தேசியப் பதிவுக்கு உட்பட்டவர்கள். பிரிட்டனில் பதிவுக்கு இப்போது பட்டப்படிப்பு அளவு தகுதி எதிர்பார்க்கப்படுகிறது. ஐம்பது நாள் பயிற்சியோடு இந்த வாசல்களைத் தட்ட முடியாது.

சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஒரு செயல் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள், நிகழ்வின் வகை, நீங்களே செய்த செயல், பார்த்து மட்டும் கற்ற செயல், மேற்பார்வையிட்டவரின் பதவி, கையொப்பம் ஆகிய பத்திகள் போதும். நோயாளியின் பெயரையும் ஊரையும் அதில் எழுத வேண்டாம். கல்லூரியில் சேரும்போதே உள்ளகப் பயிற்சியில் எத்தனை மாதம் ஆம்புலன்ஸில் கழியும், எத்தனை மாதம் அவசரப் பிரிவில் கழியும் என்று எழுத்தில் கேளுங்கள். வண்டிப் பயிற்சியே இல்லாத கல்லூரியைவிட, கட்டணம் சற்று அதிகமானாலும் பரபரப்பான கேஷுவால்டியும் ஓடும் வண்டியும் உள்ள கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். படிப்பு முடிந்ததும், 2021 சட்டத்தின்கீழ் அமையும் மாநிலப் பேரவையில் பதிவு செய்வதற்கான விண்ணப்பத்தோடு இந்தக் குறிப்பேட்டின் நகலையும் மதிப்பெண் சான்றுகளையும் ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள்.